காலுறையில் பெயர் தைத்த பிலோமினா டீச்சர்

பிலோமினா டீச்சர் காலமாகிவிட்டார் என்று திருக்காட்டுப்பள்ளியிலிருந்து தொலைபேசியில் சொன்னார்கள். நான் உடனே நம்பவில்லை. "எந்த பிலோமினா? பேசறது யாரு?" என்று குறுக்குக் கேள்வி கேட்டேன். பேசியது அவருடைய தம்பி மகள். எதையும் விசாரிக்காமல் ஒப்புக்கொள்ளும் பழக்கம் எனக்கில்லை. இதையாவது விசாரிக்காமல் விட்டிருக்கலாம். செய்தி பொய்யாக இருக்கும் என்ற நப்பாசை கொஞ்ச நேரம் மிஞ்சியிருக்கும்.

குடவாசல் பக்கம் பாதிரிமார் நடத்திய ஒரு சாமியார் பள்ளிக்கூடத்தில் அவர் தையல் ஆசிரியை, நான் தமிழாசிரியர். அறுபத்தேழில் ஆட்சி மாறிய புதிது. மேடையில் கேட்ட பகுத்தறிவுப் பேச்சு எனக்கு ரத்தத்தில் ஊறியிருந்தது. ஜெபமாலை போட்டவர் பிள்ளைகளிடம் அன்பாகப் பேசினாலே, மதத்துக்கு ஆள் சேர்க்கிறாரோ என்று பார்ப்பேன். டீச்சருக்கு அது தெரியும். "சார், இன்னிக்கு என் மேல என்ன சந்தேகம்?" என்று கேட்டுவிட்டுத்தான் வகுப்புக்குப் போவார்.

ஒரு டிசம்பர் மாதம், சம்பா கதிர் வாங்கியிருந்த நேரம். கூலி நெல்லைக் கூட்டிக் கொடுத்தால்தான் அறுப்புக்கு இறங்குவோம் என்று பண்ணையாட்கள் சங்கம் சொல்லிவிட்டது. வெளியூர் ஆளை இறக்குவோம் என்றது பண்ணை. இரண்டு பேர் நின்று பேசினால் மூன்றாமவர் திரும்பிப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து டீச்சர், பண்ணையாட்கள் குடியிருந்த தெற்குத் தெருப் பிள்ளைகளுக்குக் கிறிஸ்துமஸ் காலுறை தைக்க ஆரம்பித்தார்.

கட்டம் கட்டமாக நெய்த வெள்ளை மேட்டித் துணி, சிவப்பு நூல். துணியின் கட்டத்தை எண்ணிச் சின்னச் சின்னப் பெருக்கல் குறியாகப் போடும் தையல். வளைந்து நெளியும் நம் எழுத்தைக் கட்டத்துக்குள் உட்கார வைக்க அவர் படாத பாடு பட்டார். பண்ணையில் 'ஏ குட்டி', 'டேய் கருவாயா' என்று அழைக்கப்பட்ட பிள்ளைகள் அந்தக் காலுறையின் பாதத்தில் செல்லம்மாள், அந்தோணிராஜ் என்று முழுப் பெயரோடு நின்றார்கள். வெள்ளைக்காரர் வீடுகளில் இதைத் தொங்கவிட்டால் ஒரு தாத்தா வந்து பண்டம் போட்டுவிட்டுப் போவாராம். எங்கள் பள்ளி ஜன்னல் கம்பிகளில் தொங்கிய காலுறைகளில் பொரி உருண்டை போட்டது டீச்சர்தான்; நானே கண்ணால் பார்த்தேன்.

பிள்ளைகள் வீட்டுக்குக் கொண்டுபோன காலுறைகளை மறுநாளே சங்கத் தலைவர் கோவிந்தன் கூடையில் அள்ளிவந்து டீச்சர் முன்னால் வைத்தார்.

"ஆளுக்கு ஒண்ணுதான் இருக்கு. இன்னொண்ணு எங்க டீச்சர்?"

"ஒண்ணுதாங்க. கால்ல மாட்ட இல்ல, தொங்கவிட."

"ஒத்தைக் காலுக்கு யாருங்க உறை தைப்பாங்க? மத்தது பண்ணையில இருக்கு. அறுப்புக்கு எறங்குனா குடுப்பாங்க. இது அச்சாரந்தானே?"

அச்சாரம் வாங்கியவர் வேலைக்கு வந்தே தீர வேண்டும் என்பது அந்த ஊர்க் கட்டு. கோவிந்தன் கேட்டது எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. டீச்சர் கோபப்படவில்லை. "சரிங்க, இன்னொரு காலுக்கும் தைச்சுத் தரேன். அப்பவாவது நம்புவீங்களா?" என்றார். சொன்னபடி தைத்தும் கொடுத்தார்.

கிறிஸ்துமஸ் காலை, மாதா கோயிலுக்குப் போகப் பண்ணைத் தெருவைத் தாண்ட வேண்டும். அந்தத் தெருவில் தெற்குத் தெருக்காரர்கள் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டுதான் நடப்பார்கள். அன்று பிள்ளைகள் ஜோடி சேர்ந்த உறைகளைக் காலில் மாட்டிக்கொண்டு டீச்சர் பின்னால் வந்தார்கள். பண்ணையின் வரவு செலவைப் பார்க்கும் காரியக்காரர் தடிக்காரர்களோடு வழிமறித்தார். என்னதான் நடக்கிறது பார்ப்போம் என்று கூடப் போயிருந்த நான் ஓரமாக ஒதுங்கிக்கொண்டேன்.

"கால்ல என்ன டீச்சர் இது?"

"துணிங்க. செருப்புக்குத்தானே தடை?"

"செவப்புல என்னமோ எழுதியிருக்கு. சங்கத்துக் கோஷமா?"

"நான் சொன்னா நம்பவா போறீங்க? நீங்களே குனிஞ்சு படிச்சுப் பாருங்க."

சந்தேகம் மனிதரை விடவில்லை. குனிந்தார். பார்வை மங்கல், அதனால் இன்னும் குனிந்தார். பண்ணையாள் மகளின் பாதத்துக்கு நேராக முகத்தை வைத்துக்கொண்டு, "செல்லம்மாள்" என்று வாய்விட்டுப் படித்தார். அடுத்த பாதத்தில் "அந்தோணிராஜ்". கோஷம் எங்கேயாவது ஒளிந்திருக்கும் என்று வரிசை முடியும்வரை ஒவ்வொரு பாதமாகக் குனிந்து குனிந்து வந்தார். தெருவே வாசலில் நின்று பார்த்தது. படித்து முடித்தபின் தடுக்க அவருக்குக் காரணம் அகப்படவில்லை.

அடுத்த பொங்கலிலிருந்து தெற்குத் தெருக்காரர்கள் ஒருவர் இருவராகச் செருப்போடு அந்தத் தெருவில் நடந்தார்கள். ஆனால் கோடை விடுமுறை முடிந்து வந்த டீச்சருக்கு வேலை இல்லை. பள்ளிக்கூட மனை பண்ணை கொடுத்தது. தையல் வகுப்பு இனி தேவையில்லை என்று சொன்னார்கள், பச்சைப் பொய். இன்று நினைத்தாலும் எனக்கு ஆத்திரம் வருகிறது. டீச்சர் திருக்காட்டுப்பள்ளிக்குப் போய் ரவிக்கை தைத்தே காலத்தை ஓட்டினார்.

போன வருடம் அவரைப் பார்க்கப் போனேன். "உண்மையைச் சொல்லுங்க டீச்சர். ஒத்தையாத் தைச்சா ஜோடி கேப்பாங்கன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியும். பேரைப் பாதத்து மேல போட்டதும் வேணும்னுதானே?"

டீச்சர் வெகுநேரம் சிரித்தார். "அதைச் சொல்லிட்டா அப்பறம் என்னை நெனைக்கவே மாட்டீங்க சார். சந்தேகப்பட்டுக்கிட்டே இருங்க."

கல்லறைத் தோட்டத்தில் ஆளுக்கு ஒரு பிடி மண் போட்டார்கள். என் பிடியை உடனே போட மனம் வரவில்லை. பின்னால் நின்றவர்கள் அவசரப்படுத்தினார்கள். இன்னும் சந்தேகப்பட்டுக்கொண்டுதான் இருக்கிறேன் டீச்சர். போய் வாருங்கள்.