கல்லீரல் பக்கம்

இஸ்திரிக் கடைக்கார அம்மா பேசினால் வெட்டு ஒன்று, துண்டு இரண்டுதான். செவிலியர் படிப்பின் வாய்மொழித் தேர்வில் மகள் கோட்டைவிட்டு வந்த அன்றும் அப்படித்தான் பேசினார்.

"ஆத்துல ஒரு கால், சேத்துல ஒரு கால் வச்சா இப்படித்தான் ஆகும். மறுதேர்வுலயும் போச்சுன்னா பந்தாட்டத்த மூட்டை கட்டிடு."

மகள் தலையாட்டினாள். அவளைச் சோம்பேறி என்று எதிரிகூடச் சொல்ல மாட்டான். விடியும்போதே கடையில் நின்று சட்டைக் காலர்களுக்கு நீர் தெளித்துத் தேய்ப்பாள். பகலெல்லாம் கல்லூரி. மாலையில் மைதானம். பெண்கள் கால்பந்து அணிக்கு அவள்தான் கோல்கீப்பர். பந்து தாண்டாது என்பதால் 'சுவர்' என்றே கூப்பிடுவார்கள். அந்தச் சுவர் இரவில் புத்தகத்தைத் திறந்தால் இரண்டாவது பக்கத்திலேயே சாய்ந்துவிடும்.

தோற்ற கதையும் விநோதமானது. மனித உடல் பொம்மை ஒன்றை அவளைப் பார்த்தபடி நிறுத்தி, கல்லீரல் எங்கே என்று கேட்டிருக்கிறார் தேர்வாளர். வலது பக்கம் என்று வாய் சரியாகத்தான் சொன்னது. கையோ தன் வலப்பக்கமாக நீண்டு, பொம்மையின் இடது விலாவைத் தொட்டது. எதிரே நிற்பவரின் வலது நமக்கு இடது என்பது தூக்கக் கலக்கத்தில் மறந்துபோயிற்று. தேர்வாளர் புருவத்தைத் தூக்கினார். அதற்குப் பிறகு கேட்ட எதற்கும் அவளுக்கு நா எழவில்லை.

மறுதேர்வு நெருங்கியது. ஒருநாள் இருட்டத் தொடங்கியும் மகள் திரும்பவில்லை. கையோடு இழுத்து வருவதென்று இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு அம்மா மைதானத்துக்கே போனார்.

கோல் கம்பங்களுக்கு நடுவே நின்று மகள் கத்திக்கொண்டிருந்தாள். ஒருத்தி பந்தோடு ஓடி வந்தால் "கல்லீரல்" என்றாள். அடுத்தவள் வந்தால் "மண்ணீரல்" என்றாள். அம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. படிப்பும் ஆட்டமுமாகச் சேர்ந்து பிள்ளைக்குப் புத்தி பேதலித்துவிட்டதோ என்று பயந்தார்.

ஓரமாகத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த தடுப்பாட்டக்காரிதான் விளக்கினாள். வலது காலால் அடிப்பவள் வந்தால் கல்லீரல், இடது காலென்றால் மண்ணீரல். எதிரே வருபவளின் வலது கால் தனக்கு இடப்பக்கம் இருக்கும் என்பது எந்தக் கோல்கீப்பருக்கும் அத்துப்படி. பொம்மையிடம் மறந்ததை மைதானத்தில் தினமும் செய்கிறோமே என்று மகளுக்கே ஒருநாள் உறைத்திருக்கிறது. அன்றிலிருந்து பயிற்சியும் படிப்பும் ஒன்றாகிவிட்டன. எந்தக் காலை மறிப்பது என்று மற்றவர்களுக்கும் தெரிந்துவிடுகிறது. ஓய்வு நேரத்தில் மொத்த அணியும் அவளைச் சுற்றி உட்கார்ந்து கேள்வி கேட்கிறது.

"நான் துணிக்கடையில வேலை பார்க்கிறேம்மா. எனக்கே இப்ப கணையம் எங்க இருக்குன்னு தெரியும்" என்றாள் அந்தத் தடுப்பாட்டக்காரி.

இழுத்து வரப் போனவர் தனியாகவே திரும்பினார். மறுநாள் விடியலில் காலர்களையெல்லாம் தானே தேய்த்தார். கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்த மகளிடம், தேர்வு முடியும்வரை கடைப்பக்கம் வராதே, போய்த் தூங்கு என்றார். பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பவர் அவர். அவர் வாயிலிருந்து இது வந்தது பெரிய விஷயம்.

மறுதேர்வில் அதே பொம்மை, அதே தேர்வாளர், அதே கேள்வி. வலது காலால் அடிப்பவள் ஒருத்தி எதிரே ஓடி வருவதாக மகள் நினைத்துக்கொண்டாள். கை தயங்காமல் இடப்பக்கம் போனது. பிறகு கேட்டதற்கெல்லாம் டாண் டாணென்று பதில் வந்தது. நல்ல மதிப்பெண்ணோடு தேறினாள்.

அடுத்த போட்டிக்கு அம்மா கடையைச் சாத்திவிட்டு வந்து வலைக்குப் பின்னால் நின்றார். ஆட்டம் முடியும் தறுவாயில் எதிரணிக்காரி ஒருத்தி தனியாகப் பந்தோடு பாய்ந்து வந்தாள். மகள் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து குரல் வந்தது.

"கல்லீரல்டி!"

பந்து சுவரைத் தாண்டவில்லை. அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. கைதட்டித் தட்டி உள்ளங்கை சிவந்துவிட்டது.

பக்கத்தில் நின்ற கடை வாடிக்கையாளர் ஒருவர், உங்கள் பெண் நர்ஸுக்கல்லவா படிக்கிறாள் என்று கேட்டார்.

"படிக்கிறா. ஆடவும் ஆடுறா" என்றார் அம்மா, மகளிடமிருந்து கண்ணை எடுக்காமலே. "ரெண்டு காலும் தரையிலதான் இருக்கு."