நாலு மூட்டை நெல்லும் என் மனைவியும்

என் மனைவிக்கு முதுகெலும்பில் புற்றுநோய் என்று தெரிந்தபோது எங்களிடம் இருந்தது ஒரு பழைய அம்பாசிடர். உத்திரமேரூரிலிருந்து காஞ்சிபுரத்து ஆஸ்பத்திரிக்கு வாரம் இரண்டு முறை போகவேண்டும். ஒவ்வொரு பள்ளத்திலும் அவள் அலறினாள். "வாடகைக்கு ஒரு புதுக் கார் எடுங்க மாமா" என்றாள் கூட வந்த மச்சினி. எனக்குச் சுருக்கென்றது. "என் வண்டிக்கு இன்னா கொறச்சல்? ஸ்பிரிங்க மாத்துனா மெத்தையாட்டம் போவும்" என்றேன். வறட்டுக் கௌரவம், வேறென்ன.

பட்டறையில் விட்டேன். காரின் பின்பக்கம் அடுக்கடுக்காக இரும்புப் பட்டைகள் இருக்கும், அவைதான் ஸ்பிரிங். பழையவை தொய்ந்து கிடந்தன. மேஸ்திரி புதுப் பட்டைகளும் ஷாக் அப்சார்பரும் மாட்டிவிட்டு, "கூட ஒரு பட்டை வெக்கிறேண்ணே, பலமா இருக்கட்டும்" என்றார். எங்கள் பக்கத்தில் கல்யாணம் என்றால் காரில் பத்துப் பேர், அறுப்பு என்றால் மூட்டை. நானும் தலையாட்டினேன். ஓட்டிப் பார்ப்பதும் இங்கே அப்படித்தான். நாலு மூட்டை நெல்லைப் பின்னால் ஏற்றி ஏரிக்கரை வரை போய் வந்தோம். ஒரு குலுங்கல் இல்லை. மேஸ்திரியின் தோளைத் தட்டிக் கொடுத்தேன்.

நாலு மூட்டை நெல் என்ன கனம், பாதியாக இளைத்துவிட்ட என் மனைவி என்ன கனம் என்பது எங்கள் இரண்டு பேர் மண்டையிலும் உறைக்கவில்லை. பாரம் இல்லாமல் அந்தப் பட்டைகள் வளையவே வளையாது; பள்ளத்தின் அடி நேரே உட்கார்ந்திருப்பவர் முதுகுக்குத்தான்.

அடுத்த பயணத்தில் அவள் அலறவில்லை. "எப்டி கீது?" என்று கேட்டேன். "நல்லா கீது" என்றாள். கண்ணாடியில் பார்த்தபோதெல்லாம் சிரித்தாள். டீக்கடையில் உட்கார்ந்து வண்டியின் பெருமையை அளந்துகொண்டிருந்தேன். மூன்று வாரம் இப்படியே போயிற்று.

ஒருநாள் அவளை வீட்டில் படுக்கவைத்துவிட்டு மச்சினி என்னை வெளியே கூப்பிட்டாள். "அக்கா பொய் சொல்லிக்கினு கீது மாமா. வண்டி தூக்கிப் போட்றப்பல்லாம் என் கைய புடிச்சி நெரிக்குது. சொன்னா உங்க மனசு நோவுமாம்." கையை நீட்டினாள். நகம் பதிந்த இடமெல்லாம் கன்றிப் போயிருந்தது. அதற்குப் பதில் மச்சினி என்னைச் செருப்பால் அடித்திருக்கலாம்.

மறுநாள் காலையிலேயே மூன்று பட்டைகளைக் கழற்றச் சொன்னேன். "அப்பறம் மூட்டை ஏத்த முடியாதுண்ணே" என்றார் மேஸ்திரி. "மூட்டைய நீ தூக்கிக்கினு போ" என்று கத்தினேன். பாவம், அவர் மேல் என்ன தப்பு? இந்த முறை அவரை ஓட்டச் சொல்லி, நானே பின் சீட்டில் படுத்துப் பார்த்தேன்.

அடுத்த முறை போகும்போது, ஊரைத் தாண்டியதுமே என் மனைவி தங்கையின் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். எத்தனையோ நாள் கழித்து நிம்மதியாக ஓட்டினேன். ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னை மட்டும் உள்ளே அழைத்தார். இனி வைத்தியம் கேட்காது, அவளை அலைக்கழிக்க வேண்டாம், வலிக்கு மாத்திரை தருகிறேன், வீட்டிலேயே வைத்துப் பாருங்கள் என்றார்.

திரும்பும் வழியில் கேட்டாள். "டாக்டர் இன்னா சொன்னாரு?"

"இனிமே வர வேணான்ட்டாரு."

சீட்டை உள்ளங்கையால் தடவிக்கொண்டே சொன்னாள். "இப்பத்தான் வண்டி நல்லா கீது. இனிமே எங்க போறது?"

வீடு வரைக்கும் இரண்டாவது கியரிலேயே ஓட்டினேன்.