தமுக்கை இறக்கி வைத்த கன்னையா

அந்தக் காலத்துக் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் கன்னையாவின் தமுக்குச் சத்தம் கேட்டால், குடம் நிரம்பி வழிந்தாலும் குழாயடிப் பெண்கள் திரும்பிப் பார்ப்பார்கள். தண்ணீர் நிற்கும் நாள், அம்மை குத்தும் நாள் எல்லாம் அவன் வாயால்தான் ரயில்வே லைன் வீடுகளுக்குத் தெரியும். ரயில்வே ஆபீசில் கொடுக்கும் தாளை அப்படியே தமிழில் சொல்ல வேண்டும். அதுதான் அவன் வேலை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினெட்டு, ஐப்பசி. "சாதாரணக் காய்ச்சல், பயம் வேணாம், வேலைக்குப் போங்க" என்றது தாள். நான்கு நாள் அதையே கத்தினான். அதற்குள் லைனிலிருந்து ஏழு பாடை போயிற்று. பாடைக்கு ஒதுங்கி வழி விட்டான். அது போனதும் மறுபடி அடித்தான்.

ஐந்தாம் நாள் தாள் மாறியது. காய்ச்சல்காரர்களை உடனே ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டுமாம். இந்த முறை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

பக்கத்து வீட்டுப் பவுனம்மாள், இஞ்சினுக்குக் கரி அள்ளிப் போடும் புருஷன் தம்புசாமியை உள்ளே கிடத்திக் கதவைச் சாத்தியிருந்தாள். கன்னையா போய்த் தட்டினான்.

"தம்புசாமியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவோம் தங்கச்சி."

"அவரு வேலைக்குப் போயிட்டாருண்ணே."

"வேலைக்குப் போனவன் இருமுறது பலகைச் சுவத்துல கேக்குதே!"

"கேக்கட்டும். பயமில்லன்னு பாசாரு தெருவெல்லாம் தட்டினீங்க. ஏழு பேரைத் தூக்கினோம். இப்ப என்னத்தைத் தட்ட வந்தீங்க?"

கன்னையா தமுக்கைக் கழற்றி அவள் படியில் வைத்தான்.

"அது பொய்தான். மூணாவது பாடையிலேயே எனக்குத் தெரிஞ்சு போச்சு. தெரிஞ்சும் கத்தினேன். இப்ப சொல்றது என் பேச்சு. பிழைப்பான்னு சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா அங்க மருந்து இருக்கு, பாக்க ஆளு இருக்கு. நானும் கூட உக்காருறேன். சாயந்தரம் வந்து உள்ளதைச் சொல்றேன். செத்தா செத்தான்னே சொல்றேன்."

"சொல்லலன்னா?"

"தமுக்கைத் தூக்கி அடுப்புல போடு."

பவுனம்மாள் கதவைத் திறந்தாள்.

அன்றிலிருந்து தினம் சாயந்தரம் குழாயடியில் நின்று, ஆஸ்பத்திரியில் கிடந்தவர்களைப் பற்றிப் பேர் பேராகச் சொன்னான். "சீதாலெட்சுமி போயிட்டா. வாசு கஞ்சி குடிச்சான். தம்புசாமி என்னைத் திட்டுறான், நல்ல காலம்." மற்ற கதவுகளும் ஒவ்வொன்றாகத் திறந்தன. ஒன்பதாம் நாள் தம்புசாமி மாட்டு வண்டியில் திரும்பி வந்தான்.

தமுக்கு அடிக்காத குற்றத்துக்கு ஆபீஸ் கன்னையாவை நீக்கியது. தமுக்கைக் கேட்டு வந்த ஆபீஸ் ஆளிடம் பவுனம்மாள்தான் தன் படியிலிருந்து அதை எடுத்துக் கொடுத்தாள். பிறகு கன்னையா கிள்ளான் துறைமுகத்தில் மூட்டை தூக்கினான். சனிக்கிழமைதான் வீட்டுக்கு வருவான். புது ஆள் வாரமெல்லாம் தட்டிக்கொண்டு போவான். சனிக்கிழமை குழாயடியே கன்னையா வாசலில் வந்து நிற்கும்.

"அண்ணே, அவன் சொன்னது நெசந்தானா?"