தலைவர் பார்க்காத கை

உருக்காலையில் அவனை உச்சாணி என்றுதான் கூப்பிடுவார்கள். கூரைக்கடியில் ஓடும் கிரேன் கூண்டில் உட்கார்ந்து, கொதிக்கும் இரும்புக் குழம்பைச் சொட்டுச் சிந்தாமல் கொண்டுபோய் ஊற்றுகிறவன். அத்தனை உயரத்திலிருந்து கீழே பார்க்கத் தயங்காதவன், கொஞ்ச நாளாக அக்கா வீட்டில் யார் முகத்தையும் பார்ப்பதில்லை.

போன மாதம் ஆலை சம்பளத்தை உயர்த்தியது. அதே வாரம் கம்பி விலையையும் ஏற்றிவிட்டு, 'சம்பளம் கூடியதால்' என்று பத்திரிகையில் காரணம் சொன்னது. அக்காவின் புது வீடு சுவரோடு நின்றுபோனது. மேல்தளம் போடக் கம்பி வாங்க வழியில்லை. அக்கா புருஷன், கட்டட மேஸ்திரி, ஆலைக்காரனைத் திட்டாமல் ஒரு வேளைச் சாப்பாடு முடிப்பதில்லை.

"சம்பளமாம் சம்பளம்! என் மச்சான் அங்கதானே இருக்கான்? அவனுக்கு ஒரு பைசா ஏறல. புளுகுறானுங்க!"

முதல் நாள், தனக்கு ஏறியதைச் சொல்ல உச்சாணி வாயைத் திறக்கவில்லை. அப்புறம் திறக்கிற துணிச்சலே வரவில்லை. குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டுவிட்டு எழுந்துபோவான்.

விலையேற்றத்தைக் கண்டித்துக் கட்சித் தலைவர் பேச வருகிறார் என்றதும் மேஸ்திரி அவனையும் இழுத்துக்கொண்டு போனார். மைதானத்தில் எள் போட இடமில்லை.

"நாடே வயித்தைக் கட்டிக்கிட்டு இருக்கு. இந்த நாலு முதலாளிங்க மட்டும் விலையை ஏத்துறாங்க! ஏன்னு கேட்டா, தொழிலாளிக்குக் கொடுத்தோம்கிறாங்க!" தலைவர் குரலைத் தாழ்த்தினார். "நான் கேக்குறேன். சம்பளம் ஏறின ஒரே ஒரு தொழிலாளி இங்க இருந்தா, கையைத் தூக்கட்டும்!"

மேஸ்திரி முழங்கையால் இடித்தார். "என்னா போடு போடுறார் பாரு!"

உச்சாணிக்கு இரண்டு வரிசை முன்னால், ஆலையில் உலையடியில் வேலைபார்ப்பவன், தன் செருப்பையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான். யாரும் அசையவில்லை. இப்போதும் சும்மா இருந்தால், இனி அக்கா முகத்தில் விழிக்க முடியாது.

அவன் கை மெதுவாக மேலே போனது.

தலைவர் பார்த்தார். நேருக்கு நேர் பார்த்தார் என்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை. பிறகு அந்தப் பார்வை அவன் தலைக்கு மேலே வழுக்கிப் போனது.

"பாத்தீங்களா? ஒருத்தர்கூட இல்லை!"

கைதட்டல் காதைப் பிளந்தது. பின்னாலிருந்து எவனோ கத்தினான்: "அண்ணே, கையை இறக்குங்க, தலைவரு தெரியல!"

மேஸ்திரி மட்டும் கைதட்டவில்லை.

திரும்பும் வழியில் மேஸ்திரி முன்னால் நடந்தார். கூரையில்லாத வீட்டுக்கு முன்னால் வந்து நின்றார்.

"எப்போலேருந்து?"

"போன மாசம் மாமா. என் சம்பளத்தாலதான் உங்க வீடு நின்னுபோச்சோன்னு..."

"அதை நான் ஆலைக்காரன்கிட்ட கேட்டுக்குறேன். ஊர் பூரா 'என் மச்சானுக்கு ஏறல'ன்னு சொல்லிட்டுத் திரிஞ்சேனே, என்னை ஏண்டா பைத்தியக்காரனாக்கின?"

சத்தம் கேட்டு, எதிரே இருந்த வாடகை வீட்டிலிருந்து அக்கா வந்தாள். "என்ன சொன்னாரு தலைவரு? விலை இறங்குமா?"

"உன் தம்பியைக் கேளு."

"அக்கா, எனக்குச் சம்பளம் ஏறிடுச்சு. சொல்லாம மறைச்சிட்டேன்."

அவள் திட்டவில்லை.

"உங்க ரெண்டு பேருக்கும் சம்பளம் ஏறிடுச்சுன்னு உலைக்காரன் பொண்டாட்டி அன்னைக்கே சொன்னா. என் தம்பி என்கிட்ட சொல்லாம இருப்பானாடின்னு, தெருவே வேடிக்கை பாக்க அவகிட்ட சண்டை போட்டுட்டு வந்தேன்."

செருப்பை மாட்டினாள்.

"எங்கக்கா?"

"அவ வீட்டுக்குத்தான். நட. எனக்கு முன்னாடி நீ போய் நில்லு."