இறுகிய சங்கிலி

மருதமுத்துவுக்கு இரண்டு பெண்டாட்டிகள் என்று மலாக்காவின் காஜா பெராங்கில் ஒரு பேச்சு உண்டு. அதைக் கிளப்பிவிட்டதே அவன் மனைவி அஞ்சலைதான். ஒருத்தி அவள். இன்னொருத்தி, அவன் தோளில் சுமந்து திரியும், மரம் அறுக்கும் இயந்திரச் சங்கிலி வாள். பழைய ரப்பர் மரங்களைச் சாய்த்துவிட்டுப் புதுக்கன்று நடும் காலம் அது. வேலைக்குப் போனால் மாதக்கணக்கில் வரமாட்டான். வந்தாலும் சோற்றில் கை வைப்பதற்கு முன்னால் சக்களத்திக்குத்தான் உபசாரம். துடைப்பான், எண்ணெய் விடுவான், சங்கிலியை விரலால் இழுத்து இழுத்துப் பார்ப்பான். தன் கையை அவன் அப்படி ஒரு நாளாவது தொட்டுப் பார்த்ததுண்டா என்று அஞ்சலைக்கு ஆற்றாமையாக இருக்கும்.

பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துப் பார்த்தே அந்த வாளின் குணம் அவளுக்கு அத்துப்படி. அறுக்கும்போது சங்கிலி சூடேறி நீளும், தொங்கும். உடனே இறுக்க வேண்டும். இல்லாவிட்டால் கழன்று வந்து ஆளையே பதம் பார்த்துவிடும். ஆனால் வேலை முடிந்ததும் தளர்த்திவிட வேண்டும். அப்படியே விட்டால் ஆறும்போது சுருங்கி, தான் ஓடும் இரும்புப் பட்டையைக் கவ்விக்கொள்ளும். பிறகு தெங்கேராவில் இருக்கும் பட்டறைக்குத்தான் தூக்க வேண்டும்.

அந்த வருஷம் நாட்டுக்குச் சுதந்திரம் வந்தது. பட்டணம் முழுக்க வண்ண விளக்குகள் கட்டினார்கள். புருஷனோடு திடலுக்குப் போய் அதைப் பார்க்க வேண்டும் என்று அஞ்சலைக்குக் கொள்ளை ஆசை. கல்யாணமான நாளிலிருந்து இருவரும் சேர்ந்து கோயிலைத் தாண்டி எங்கும் போனதில்லை. ஆனால் கொண்டாட்டத்தன்று காலையிலேயே சிகாமட்டுத் தோட்டத்துக்கு வேலையாட்களின் லோரி கிளம்புவதாக இருந்தது. ஒரு நாள் தள்ளி வருகிறேனே என்று மருதமுத்து கெஞ்சிப் பார்த்தான். வாள் பழுதாகிக் கிடந்தாலொழிய யாருக்கும் விடுப்பு இல்லை என்று சீன முதலாளி, தவுக்கே, சொல்லிவிட்டார்.

முந்தின நாள் மழைக்காற்றில் பக்கத்து வீட்டு ரம்புத்தான் மரம் சந்தின் குறுக்கே விழுந்தது. அந்த வீட்டு மலாக்கா செட்டிப் பெரியவர் வந்து, தம்முடைய மலாய்ப் பேச்சில் உதவி கேட்டார். மருதமுத்து மரத்தைத் துண்டு போட்டான். பாதியில் சங்கிலி தொங்கியது, இறுக்கினான், முடித்தான். வீட்டுக்கு வந்து வாளை அடுப்படி வாசலில் சாய்த்துவிட்டுக் குளித்தான், சாப்பிட்டான், படுத்துவிட்டான்.

பாத்திரம் கழுவும்போதுதான் அஞ்சலை கவனித்தாள். சங்கிலி இறுக்கியபடியே இருந்தது. தலை சீவ மறப்பான், சட்டைக்குப் பித்தான் போட மறப்பான். இதை மட்டும் மறந்ததே இல்லை. பாவம், அசதி என்று நினைத்துக்கொண்டாள்.

அவனை எழுப்பப் போனவள் நின்றாள். எழுப்புவானேன்? ஆறட்டும், கவ்விக்கொள்ளட்டும். நாளைக்கு லோரி அவனை விட்டுவிட்டுப் போகட்டும். பச்சைச் சேலையைக் கட்டிக்கொண்டு அவன் பின்னால் திடலுக்கு நடப்பதுவரை யோசித்துவிட்டாள்.

அப்புறம் இன்னொன்றும் தோன்றியது. விவரம் தெரியாமல் காலையில் அவசரத்தில் இயந்திரத்தை முடுக்கி, உள்ளே ஏதாவது முறிந்துபோனால்? தவுக்கே நாலு பேருக்கு முன்னால் வைவார். அவன் தலைகுனிந்து நிற்பதை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. ஸ்பானரை எடுத்துப் பக்கவாட்டு நட்டுகளை நெகிழ்த்தினாள். சங்கிலி தொய்யும்வரை திருகைத் திருப்பினாள். சக்களத்திக்கு ஊழியம் செய்துவிட்டுத் தானே அழுதாள்.

காலையில் லோரி ஹாரன் அடித்தது. மருதமுத்து வாளைத் தூக்கி, வழக்கம்போலச் சங்கிலியை விரலால் இழுத்தான். அது தாராளமாக ஓடியது.

"யாரு தளத்துனா?"

"நான்தாங்க. மறந்துட்டுப் படுத்துட்டீங்களே."

அவன் வாளைத் தோளில் ஏற்றிக்கொண்டான்.

"மறக்கல, புள்ள. வேணும்னுதான் விட்டேன். நீ வெளக்கு பாக்கணும்னு சொன்னியே."

மறுபடி ஹாரன். அவன் போய் ஏறிக்கொண்டான். அன்று சாயங்காலம் சந்தே காலியாகித் திடலுக்குப் போனது. அடுத்த வீட்டு ருக்மணி வந்து கூப்பிட்டாள். தலைவலி என்று சொல்லிவிட்டாள் அஞ்சலை.

அதற்கப்புறம் அவள் அந்த வாளைத் தொடவே இல்லை. அவன் வேலை முடித்து வரும்போதெல்லாம் அடுப்படியில் ஏதோ வேலை இருப்பதுபோல் நின்று பார்த்துக்கொண்டிருப்பாள், இந்தத் தடவையாவது சங்கிலியை அப்படியே விடுகிறானா என்று. அவன் ஒவ்வொரு தடவையும் அதைத் தளர்த்திவிட்டுத்தான் கை கழுவினான்.