ஹேண்ட்லருக்குள் ஒரு பிரிண்ட் வரி

நானும் டீம் லீடும் தவிர யாருக்கும் தமிழ் தெரியாத கராடி அலுவலகத்தில், எங்கள் சொந்த சி லைப்ரரிக்கு சிக்னல் ஹேண்ட்லர் எழுதியது நான். நிரல் எந்த வேலையில் இருந்தாலும், கண்ட்ரோல்-சி அழுத்துவது போன்ற சிக்னல் குறுக்கே வந்து விழும்; அப்போது ஓடும் துண்டு நிரல்தான் ஹேண்ட்லர். அதனால் ஹேண்ட்லர் 'சிக்னல் வந்தது' என்று குறிக்கும் ஒரு ஃபிளாகை மட்டும் மாற்றிவிட்டுத் திரும்பும்படி எழுதியிருந்தேன்.

டீம் லீட் அதற்குள், திரையில் செய்தி காட்டும் ஒரு பிரிண்ட் வரியைச் சொருகினார். ஏற்கெனவே ஓடும் ஒரு பிரிண்ட், வேறு பிரிண்ட் இடையில் நுழையாதபடி பூட்டைப் போட்டிருக்கும் நேரத்தில் சிக்னல் வந்தால், ஹேண்ட்லரின் பிரிண்ட் அதே பூட்டுக்காகக் காத்துக் கிடக்கும், நிரல் உறைந்துவிடும் என்றேன். என்னிடம் எப்போதும் தமிழில் பேசும் அந்த மதுரைக்காரர், டீம் மொத்தமும் சிரிக்கட்டும் என்று இந்தியில் சொன்னார்: "மேரே மெஷின் பே தோ சல்தா ஹை." என் மெஷினில் ஓடுகிறதே என்று அர்த்தம். எல்லோரும் சிரித்தார்கள். நான் கறுவிக்கொண்டே இருந்தேன்.

டெமோ அன்று, நிரலின் பதிவு வரிகள் திரையில் பிரிண்ட் ஆகிக் கொட்டிக்கொண்டிருக்கும்போதே கண்ட்ரோல்-சி அழுத்திப் பார்க்கும்படி வாடிக்கையாளரிடம் சொன்னது நான்தான். அழுத்தினார். திரை அப்படியே உறைந்தது. லீட் என் பக்கம் சாய்ந்து, மற்றவர்களுக்குப் புரியக் கூடாதென்று தமிழில் கிசுகிசுத்தார்.

"ஏதாச்சும் பண்ணும்மா, மானம் போகுது."

அறை முழுக்கக் கேட்கும்படி இந்தியில் கேட்டேன்: "சார், ஆப்கே மெஷின் பே தோ சல்தா ஹை நா?"