அட்டைப்பெட்டி இருக்கா, ஆன்டி?

பழைய வீடியோ கேம் வாங்கி விற்கிற தொழிலில் கேமைவிட அது வந்த அட்டைப்பெட்டிக்குத்தான் மதிப்பு அதிகம்; இதை ஊருக்கெல்லாம் சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டையே கட்டிப்போச்சு. பழைய ஸ்டாம்பு, பழைய காசு சேர்க்கிறவர்களே, என் அவஸ்தை உங்களுக்காவது புரியும்.

பிரிக்பீல்ட்ஸில் மாடியில் எனக்கு ஒரு சின்னக் கடை. ஓடி, குதித்து, வாள் வீசுகிற கேம்கள்தான் என் பைத்தியம். அதில் ஒரு நரி வீரன் கேம். கேம் பதிந்திருக்கும் பிளாஸ்டிக் துண்டு, காட்ரிஜ், அது மட்டும் என்னிடம் இருக்கிறது. அதன் பெட்டியையும் உள்ளே இருக்கும் சின்னப் புத்தகத்தையும் ஒன்பது வருஷமாகத் தேடினேன்.

கிள்ளானில் நரி

கிள்ளானில் ஒரு ஆன்டி, மகனுடைய கேம்கள் இருக்கின்றன, வந்து பார் என்று போன் செய்தார். போனால் பிஸ்கட் டின் நிறைய காட்ரிஜ், நரி உட்பட! "பெட்டி இருக்கா, ஆன்டி?" என்றேன். "ஓ, பத்திரமா இருக்கே" என்று உள்ளே போனார். நான் பர்ஸைத் திறந்து பணத்தை எண்ண ஆரம்பித்துவிட்டேன்.

ஆன்டி கொண்டுவந்தது மகனுடைய பள்ளி நோட்டுகளை. எல்லாப் பெட்டியையும் வெட்டி அட்டை போட்டிருக்கிறார். கணக்கு நோட்டின் மேல் என் நரி, பாதி வாலோடு. என் முகம் போன போக்கைப் பார்த்து அவருக்கே பாவமாகிவிட்டது.

"படம்தானேப்பா வேணும்? நோட்டோட எடுத்துக்கோ லா!"

இலவச சேவை

எதுவரை விளையாடினோம் என்பதை நினைவில் வைக்க சில காட்ரிஜுக்குள் ஒரு பேட்டரி இருக்கும். கழற்றினால் நினைவும் போச்சு. செராஸிலிருந்து ஒரு லோரி டிரைவர், விலை கேட்க ஒரு கேமைக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போனார். பேட்டரி பழசு. விற்கப்போகிற ஆளுக்குப் பழைய ஆட்டம் எதற்கு என்று நானே முடிவு பண்ணி, புதுசு மாற்றி வைத்தேன். புண்ணியம் கட்டிக்கொண்டதாக நினைப்பு வேறு!

திரும்பி வந்தவர், கடைசியாக ஒரு தடவை ஆடிப் பார்க்கிறேன் என்று போட்டார். திரை காலி. மனுஷன் பட்டனை மறுபடி மறுபடி அமுக்கிப் பார்த்தார்.

"அண்ணே, ஸ்கூல் காலத்துலேருந்து கடைசிப் பாலத்துல நிக்கிறேன். இப்ப மறுபடியும் முதல்லேருந்து குதிச்சு வரணுமா?"

வெட்கமாகிவிட்டது. அந்த வாரமே, நினைவை நகல் எடுத்துத் திரும்பப் போடுகிற கருவி ஒன்று வாங்கினேன்.

டெங்கிலில் நரி

டெங்கிலில், பழைய கேம் விற்க என்னைக் கூப்பிட்ட கமலா அக்கா வீட்டில்தான் அது இருந்தது. நரி வீரன், பெட்டியோடு, புத்தகத்தோடு, மூலைகூட மடங்காமல். எங்கள் தொழிலில் சந்தோஷத்தை முகத்தில் காட்டினால் விலை ஏறிவிடும். அதனால், "சுமார்தான் அக்கா" என்றேன். கை மட்டும் பெட்டியை விடவில்லை.

வேலை செய்கிறதா என்று பார்க்க, கொண்டுபோன சின்னத் திரையில் போட்டேன். சேமித்து வைத்த ஆட்டங்களில் முதல் வரிசையில், ஆடியவர் பெயர்: ரவி. அக்கா ஓடி வந்து திரையைத் தொட்டார். "என் தம்பி. மோட்டார் விபத்துல போயிட்டான். இன்னும் இருக்கானா இதுல?"

காட்ரிஜைத் திறந்து பேட்டரியைப் பார்த்தேன். அது இன்றைக்கோ நாளைக்கோ என்று இருந்தது. அதை மறைத்து வாங்கிக்கொண்டு கிளம்ப ஒரு நிமிஷம் ஆசைப்பட்டேன், பொய் சொல்ல மாட்டேன். பிறகு கருவியை எடுத்து ரவியை நகல் எடுத்தேன், பேட்டரியை மாற்றினேன், ரவியைத் திரும்பப் போட்டேன். பெயர் வந்ததும் இரண்டு பேரும் மூச்சு விட்டோம். "விற்காதீங்க அக்கா" என்று பெட்டியையும் சேர்த்து அவர் பக்கம் தள்ளினேன். நான் பெட்டியைப் பார்த்த பார்வையை அவரும் கவனித்திருக்கிறார்.

"கேம் எனக்கு, பெட்டி உனக்கு. என் தம்பி பெட்டியிலயா இருக்கான்? கொண்டு போ லா!"

பெட்டிக்குத்தான் மதிப்பு என்று கத்தித் தொண்டை கட்டிய நான், ஒன்பது வருஷம் தேடிய பெட்டியை வாங்கிக்கொண்டு, மதிப்பான பாதியை டெங்கிலிலேயே விட்டுவிட்டு வந்தேன்.